ஒரு பறவைக்கு இரண்டு வீடு

பிள்ளைகளே, முதலில் ஒரு விடுகதை.

அவருக்குச் சேறுதான் சாப்பாட்டுத் தட்டு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் வந்து அந்தத் தட்டை மூடிவிடும். மூடியதும் எழுந்து பறந்துபோவார். வேறொரு வீட்டில் ஒற்றைக் காலில் நின்று தூங்குவார். கடல் விலகியதும் தட்டைத் தேடித் திரும்ப வருவார். அவர் யார்?

கண்டுபிடித்துவிட்டீர்களா? அவர்தான் கரைப்பறவை. உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் என்று பல பெயர்களில் நாம் அழைக்கும் கூட்டம். குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். கணுக்கால் ஆழத் தண்ணீரில் தலையைக் குனிந்தபடி எதையோ தேடிக்கொண்டே நடக்கும்.

இந்தப் பறவைக்கு இரண்டு வீடு தேவை என்பதைப் புரிந்துகொண்டு, ஒரு பூங்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிய ஊரின் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம். அந்த ஊர் சிங்கப்பூர்.

இறால் குட்டையும் மதகும்

சிங்கப்பூரை வரைபடத்தில் தேடினால் ஒரு புள்ளிதான் தெரியும். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதற்குள் சுமார் 60 லட்சம் பேர் வாழ்கிறார்கள். வீடு, சாலை, தொழிற்சாலை, துறைமுகம், விமான நிலையம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அதனால் கடலோரக் காடுகள் பலியாயின. ஆற்று முகத்துவாரங்களில் அணை கட்டிக் குடிநீர்த் தேக்கம் ஆக்கினார்கள். கரையோரக் கடலில் மண் கொட்டி நிலமாக்கினார்கள். 200 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்த அலையாத்திக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இன்று இல்லை.

மிச்சம் இருந்த ஒரு துண்டு, தீவின் வடமேற்குக் கரையில் இருந்தது. பெயர் சுங்கை பூலோ. மலாய் மொழியில் ‘சுங்கை’ என்றால் ஆறு, ‘பூலோ’ என்றால் மூங்கில். மூங்கிலாறு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அங்கே நின்று பார்த்தால் குறுகிய கடலுக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாரு நகரம் தெரியும்.

அந்த மூங்கிலாற்றின் ஓரத்தில் இறால் குட்டைகள் இருந்தன. குட்டையைச் சுற்றி மண் கரை. கரையில் மதகு. ஆமாம், நம் ஊர் ஏரியில் இருக்கிற அதே மதகுதான். ஏரி மதகு வயலுக்குத் தண்ணீர் விடும். இந்த மதகு கடல் தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடும்.

அது எப்படி வேலை செய்தது தெரியுமா? கடல் ஏறும்போது மதகைத் திறப்பார்கள். தண்ணீரோடு பொடிப்பொடி இறால் குஞ்சுகளும் குட்டைக்குள் வந்துவிடும். மதகை மூடி அவற்றை உள்ளேயே வளரவிடுவார்கள். வளர்ந்ததும், கடல் இறங்கும் நேரம் பார்த்து, மதகின் வாயில் வலையைக் கட்டித் திறப்பார்கள். தண்ணீர் வெளியே ஓடும், இறால் வலையில் நிற்கும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கடல் ஏறி இறங்குவதே அவர்களுக்கு இயந்திரம்.

கடல் ஏன் ஏறி இறங்குகிறது? முக்கியமான காரணம் நிலா. நிலாவின் ஈர்ப்பால் பூமியின் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் கடல் நீர் லேசாக மேடிடுகிறது. பூமி சுழலும்போது நாம் அந்த இரண்டு மேடுகளையும் மாறி மாறிக் கடக்கிறோம். அதனால்தான் சிங்கப்பூர்க் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் 6 மணி நேரம். இந்த 6 மணி நேரக் கணக்கை நினைவில் வையுங்கள். கதை முழுவதும் இது கூடவே வரும்.

நோட்டும் பைனாகுலரும்

1986ஆம் ஆண்டு. பறவை பார்ப்பதில் ஆர்வம் கொண்ட ஒரு சிறு கூட்டம் இந்தக் குட்டைப் பக்கம் வந்தது. மலாயன் நேச்சர் சொசைட்டி என்ற இயற்கை அமைப்பின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கையில் பைனாகுலர், பையில் நோட்டு. பார்த்தால் குட்டையோரச் சேற்றில் கூட்டங்கூட்டமாகக் கரைப்பறவைகள்! சைபீரியா போன்ற தொலைதூரக் குளிர்ப் பகுதிகளிலிருந்து பறந்து வந்தவை.

ஆனால் அந்த இடத்தை நவீன வேளாண் பண்ணைகளுக்கு ஒதுக்கும் திட்டம் அப்போது இருந்தது. பறவை பார்ப்பவர்கள் என்ன செய்தார்கள்? கோபப்பட்டதோடு நின்றுவிடவில்லை. என்னென்ன பறவை வருகிறது, எத்தனை வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது, எங்கே நிற்கிறது என்று எண்ணி எழுதினார்கள். எழுதியதை ஒழுங்காகத் தொகுத்து, ‘இந்த இடத்தை இயற்கைக்கு விட்டுவைக்க வேண்டும், காரணங்கள் இவை’ என்று அரசுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள்.

‘பறவைகள் பாவம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் அனுதாபப்பட்டிருப்பார்கள். எண்ணிக்கையோடு சொன்னதால் யோசிக்கத் தொடங்கினார்கள். 1989இல் 87 ஹெக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் தேதி அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அதைத் திறந்துவைத்தார்.

ஒரு ஹெக்டேர் என்பது 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட சதுரம். அப்படி 87 சதுரங்கள். இந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது வளரப்போகிறது.

சேற்றுக்குள் என்ன இருக்கிறது?

நமக்குச் சேறு என்றால் சட்டையில் பட்டால் அம்மா திட்டும் பொருள். பறவைக்கு அது பந்தி இலை.

கரையில் நிற்கும் அலையாத்தி மரங்களிலிருந்து இலை உதிர்கிறது. சேற்றில் விழுந்த இலையை நண்டு கிழிக்கிறது. நுண்ணுயிரிகளும் பூஞ்சையும் அதை மட்கச் செய்கின்றன. மட்கியதைப் புழுக்களும் நத்தைகளும் சின்ன இறால்களும் தின்கின்றன. அவற்றைத் தின்னப் பறவை வருகிறது. மரத்தின் இலை இப்படித்தான் கைமாறிக் கைமாறிப் பறவையின் வயிற்றுக்குப் போகிறது.

இந்த மரங்களே பெரிய அதிசயம். சேற்றுக்குள் காற்று மிகக் குறைவு. அதனால் அலையாத்தியின் வேர், பென்சில் நட்டு வைத்தது போல மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. இதற்கு மூச்சுவேர் என்று பெயர். உப்புத் தண்ணீரில் நிற்பதால் உடம்பில் சேரும் உப்பை இலை வழியாக வெளியேற்றும். இலையைத் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னை மரத்தின் விதையோ கீழே விழும்வரை காத்திருக்காது. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, நீளமான கன்றாகிச் சேற்றில் இறங்கும்.

சேற்றில் துள்ளிக்கொண்டு போகும் மீனும் அங்கே உண்டு. செவுள் அறைக்குள் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, துடுப்பால் தவழ்ந்து, கரையில் ஊர்வலம் போகும். நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிக்கும். உப்புநீர் முதலை ஆற்றோரம் வெயில் காயும். பரபரப்பான நகரம் ஒன்றின் ஓரத்தில் இத்தனையும் இருக்கின்றன!

ஒரே சேற்றில் இத்தனை பறவைகள் சாப்பிட்டால் சண்டை வராதா? அவ்வளவாக வராது. காரணம் மூக்கு. உப்புக்கொத்திக்குக் குட்டை மூக்கு, பெரிய கண். ஓடும், நிற்கும், மேலே தெரிவதைக் கண்ணால் பார்த்துக் கொத்தும். பவளக்காலி உள்ளானுக்கு அதைவிட நீள மூக்கு. சேற்றுக்குள் கொஞ்சம் விட்டுத் துழாவும். பவளம் போலச் சிவந்த கால்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சின்னக் கோட்டானுக்கு நீண்டு வளைந்த மூக்கு. அதை நண்டு வளைக்குள் நுழைத்து நண்டை இழுத்துவிடும். மேல்தளம், நடுத்தளம், அடித்தளம் என்று ஆளுக்கொரு மாடியில் சாப்பாடு.

மதகின் புது வேலை

இப்போது 6 மணி நேரக் கணக்குக்கு வருவோம்.

கடல் ஏறிவிட்டது. சேறெல்லாம் மூழ்கிவிட்டது. கரைப்பறவைக்கு வாத்தைப் போல விரல்களை முழுதாக இணைக்கும் தோல் கிடையாது. ஆழத் தண்ணீரில் மிதந்தபடி தூங்கும் பறவை அல்ல அது. கால் நனையலாம், வயிறு நனையக் கூடாது. அப்படியானால் கடல் இறங்கும்வரை எங்கே போய் நிற்கும்?

இங்கேதான் பழைய மதகுக்குப் புது வேலை கிடைத்தது. பூங்காக்காரர்கள் இறால் குட்டைகளை மூடிவிடவில்லை. மதகுகளையும் விட்டுவைத்தார்கள். வெளியே கடல் ஏறி நிற்கும்போதும், மதகின் உதவியால் குட்டைக்குள் தண்ணீரைத் தாழ்வாக வைத்திருக்க முடியும். குட்டைக்குள் சேற்றுத் திட்டு வெளியே தெரியும். பறவைகள் அங்கே வந்து இறங்கும். தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் மூக்கைச் செருகி, ஒரு காலை மடித்து வயிற்றோடு ஒட்டி நின்று ஓய்வெடுக்கும். காலில் இறகு கிடையாது. அதன் வழியே உடல் சூடு வெளியேறும். ஒரு காலை இறகுக்குள் மடித்தால் அந்த அளவுக்குச் சூடு மிச்சம்.

ஒரு காலத்தில் இறாலை வலைக்குள் தள்ளிய மதகு, இன்று பறவைக்குப் படுக்கை விரிக்கிறது.

இந்தப் படுக்கையைப் பராமரிக்கவும் வேண்டும். குட்டைச் சேற்றில் அலையாத்திக் கன்றுகள் தாமாக முளைக்கும். அப்படியே விட்டால் சில ஆண்டுகளில் குட்டை காடாகிவிடும். மரம் அடர்ந்த இடத்தில் கரைப்பறவை இறங்காது. எதிரி மறைந்திருந்து பாயலாம் என்ற அச்சம்தான் காரணம். நாலாபக்கமும் வெட்டவெளியாகத் தெரிந்தால்தான் அது நிம்மதியாகத் தூங்கும். ஆகவே தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கி, வேண்டாத இடத்தில் முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்குகிறார்கள். மரம் நடுவது நல்ல செயல் என்று படித்திருப்பீர்கள். எந்த உயிருக்காக எந்த இடத்தைக் காக்கிறோம் என்று தெரிந்தால், எங்கே நட வேண்டும், எங்கே நடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பூங்கா ஏன் வளர வேண்டும்?

தூங்கும் வீடு கிடைத்துவிட்டது. சாப்பாட்டு வீடு?

சுங்கை பூலோவுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி மண்டாய் என்னும் இடத்தில் அலையாத்திக் காடும், அதற்கு முன்னால் அகன்ற கடல்சேறும் இருக்கின்றன. கடல் வற்றும்போது அந்தச் சேறு விரிந்து கிடக்கும். சுங்கை பூலோவில் ஏற்ற நேரத்தில் ஓய்வெடுக்கும் பறவைகளில் பல, வற்ற நேரத்தில் மண்டாய்க்குப் பறந்துபோய் மேய்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுங்கை பூலோவை எவ்வளவு அழகாகக் காத்தாலும், மண்டாய்ச் சேறு அழிந்தால் என்ன ஆகும்? படுக்கை இருக்கும், சோறு இருக்காது. மண்டாயைக் காத்துச் சுங்கை பூலோவை இழந்தால்? சோறு இருக்கும், படுக்கை இருக்காது. இரண்டில் எது போனாலும் பறவை போய்விடும். வேலி போட்டு ஒரு துண்டு நிலத்தைக் காப்பது பாதி வேலைதான். பறவையின் ஒரு நாள் வாழ்க்கை எங்கெங்கே நடக்கிறதோ அங்கெல்லாம் காவல் வேண்டும்.

நோட்டில் எழுதிய 87 என்ற எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. 2002 ஜனவரி 1ஆம் தேதி சுங்கை பூலோ 130 ஹெக்டேர் கொண்ட, சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைக் காப்பகமானது. 2003இல் ஆசியான் மரபுப் பூங்கா என்ற சிறப்பைப் பெற்றது. 2014இல் புதிய பகுதி ஒன்று திறக்கப்பட்டபோது பரப்பு 202 ஹெக்டேர். 2018இல் மண்டாய் அலையாத்தியும் கடல்சேறுமாக 72.8 ஹெக்டேரை இயற்கைப் பூங்காவாக்கும் அறிவிப்பு வந்தது. 2020இல் சுங்கை பூலோ, மண்டாய், கிராஞ்சி நன்னீர்ச் சதுப்பு, லிம் சூ காங் பூங்கா ஆகியவற்றை ஒரே சங்கிலியாகக் கோக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 400 ஹெக்டேருக்கும் மேல்!

87, 130, 202, 400. நோட்டில் எழுதிய முதல் எண் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது, பார்த்தீர்களா?

சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வேலை உண்டு. சுங்கை பூலோ உப்பும் நன்னீரும் கலந்த குட்டை. மண்டாய் கடல்சேறு. கிராஞ்சி நல்ல தண்ணீர்ச் சதுப்பு, தாழைக்கோழிக்குப் பிடித்த இடம். சுற்றியுள்ள பூங்காக்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. நகரத்தின் இரைச்சலும் வெளிச்சமும் நேராகக் காப்பகத்துக்குள் பாயாமல் மெத்தை போல நடுவில் நின்று வாங்கிக்கொள்கின்றன.

ஓய்வெடுக்கும் பறவையை விரட்டினால் என்ன பெரிய நஷ்டம், பறந்துவிட்டு மறுபடி உட்காரட்டுமே என்று தோன்றலாம். கணக்குப் பார்ப்போம். பவளக்காலியின் எடை 100 முதல் 150 கிராம். ஒரு கொய்யாப்பழம் அளவுதான். செப்டம்பர் வாக்கில் வந்து, மார்ச் வாக்கில் மீண்டும் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டும். வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. உடம்பில் சேர்க்கும் கொழுப்பே அதன் கட்டுச்சோறு. நாம் ஒரு தடவை விரட்டினால் அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு பிடி போய்விடும். ஆகையால்தான் சுங்கை பூலோவில் பார்வையாளர்கள் மரக் குடிலுக்குள் நின்று, சின்னத் திறப்பு வழியே சத்தமில்லாமல் பார்க்கிறார்கள்.

இன்னும் எட்டி நின்று பார்த்தால் சங்கிலி மிகப் பெரியது. ரஷ்யாவின் வட துருவப் பகுதியிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் வான்வழி இது. 22 நாடுகள் வழியாகப் போகிறது. 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இதைப் பயன்படுத்துகின்றன. வழியில் ஒரு சத்திரம் மூடிக் கிடந்தாலும் பயணிக்குப் பட்டினிதான். சுங்கை பூலோ அப்படிப்பட்ட ஒரு சத்திரம்.

லாட நண்டுக்குக் கை கொடுத்தவர்கள்

மண்டாய்ச் சேற்றில் இன்னொரு பழைய குடித்தனக்காரர் உண்டு. குதிரைலாட நண்டு. குதிரையின் லாடம் போல வளைந்த ஓடு, பின்னால் ஊசிவால். பெயரில்தான் நண்டு. உறவுமுறையில் சிலந்திக்கும் தேளுக்கும் நெருக்கம். 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இதன் வம்சம் கடலில் வாழ்கிறது. டைனோசர் வந்ததையும் பார்த்தது, போனதையும் பார்த்தது. நம் இரத்தத்தில் இரும்பு இருப்பது போல இதன் இரத்தத்தில் செம்பு இருக்கிறது. அதனால் காற்றுப் பட்டால் நீலமாகத் தெரியும்.

இத்தனை கோடி ஆண்டு தாக்குப்பிடித்த உயிர், யாரோ சேற்றில் விட்டுச்சென்ற கிழிந்த வலையில் சிக்கித் தவித்தது. மலாயன் நேச்சர் சொசைட்டியின் கிளை என்று சொன்னேனே, அது 1991இல் நேச்சர் சொசைட்டி (சிங்கப்பூர்) என்று தனி அமைப்பானது. அதன் தன்னார்வலர்கள் கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் நடந்து, வலையை அறுத்து, நண்டுகளை விடுவித்தார்கள். விடுவிப்பதற்கு முன் அளந்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். மறுபடியும் நோட்டு! காப்பாற்றிய கையே கணக்கும் எழுதியதால், இந்தச் சேறு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று சேர்ந்தது.

செய்து பாருங்கள்

தேவையானவை: பெரிய தாம்பாளம் ஒன்று, ஈர மணல், களிமண், தீக்குச்சிகள், ஒரு குவளை தண்ணீர்.

தாம்பாளத்தில் மணலை ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் சரிவாக அமையுங்கள். களிமண்ணில் மூன்று குட்டிப் பறவைகள் செய்யுங்கள். ஒன்றுக்கு முழுத் தீக்குச்சிக் கால், அடுத்ததற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால்வாசி. மூன்றையும் சரிவின் நடுவில் நிறுத்துங்கள்.

இப்போது தாழ்ந்த பக்கத்தில் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். எந்தப் பறவையின் வயிறு முதலில் நனைகிறது? நனையப்போகிற பறவையை மேலே நகர்த்துங்கள். ஊற்றிக்கொண்டே போனால் மூன்றும் உயரமான ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும். அந்த ஓரத்து மணலை அள்ளிவிட்டு ‘இங்கே கட்டடம்’ என்று ஒரு கல்லை வையுங்கள். பறவைகளை இப்போது எங்கே நிறுத்துவீர்கள்? தாம்பாளத்துக்கு வெளியே வேறு இடம் தேட வேண்டியிருக்கும். சுங்கை பூலோக்காரர்கள் தேடியதும் அதைத்தான்.

அடுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஏரி, குளம், கழிமுகம் எது இருந்தாலும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கரையை விட்டுத் தண்ணீரில் இறங்க வேண்டாம். கால் மணி நேரம் ஒரே இடத்தில் சும்மா நில்லுங்கள். நோட்டில் தேதி, நேரம், இடம், என்ன பறவை, எத்தனை, என்ன செய்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் மூக்கையும் காலையும் படமாக வரைந்துகொள்ளுங்கள். மாலையில் அது எழுந்து எந்தத் திசையில் பறக்கிறது என்று பார்த்து ஓர் அம்புக்குறி போடுங்கள். அந்த அம்புக்குறிதான் மிக முக்கியம். அது காட்டும் பக்கத்தில் பறவையின் இரண்டாவது வீடு இருக்கலாம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். உங்கள் நோட்டோடு நீங்களும் சேருங்கள்.

1986இல் இறால் குட்டையோரம் நின்றவர்கள் எழுதியதும் இப்படிப்பட்ட குறிப்புகளைத்தான். அன்று அவர்கள் எண்ணிய பறவைகளின் பேரக்குஞ்சுகள் இந்த ஆண்டும் செப்டம்பரில் வந்து இறங்கும். கடல் ஏறும் நேரத்தில் குட்டையில் சேறு தெரியும். கடல் இறங்கியதும் மண்டாயில் பந்தி விரிந்திருக்கும்.